வீட்டுக்குப் போன் போடுவதற்கு முன்

பெறுநர்: வேலூர் மாவட்ட ஆட்சியர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், மாநகராட்சி ஆணையர்.
நகல்: மாவட்டத்தில் திரையரங்கு, விடுதி, உடற்பயிற்சிக் கூடம் நடத்துவோர், பூங்காக் காவல் ஒப்பந்தம் எடுத்தோர்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

கோட்டை அகழி ஓரத்திலோ பெரியார் பூங்காவிலோ மாலை ஐந்து மணிக்கு ஓர் ஆணும் பெண்ணும் ஒட்டி உட்கார்ந்திருந்தால், பத்து நிமிடத்தில் யாராவது ஒருவர் வந்து "இன்னா உறவு?" என்பார். இரண்டு பெண்கள் அப்படி உட்கார்ந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கைகோத்து நடக்கலாம். ஒரே துப்பட்டாவை இருவர் தலையிலும் போட்டு வேலூர் வெயிலைத் தாங்கலாம். ஒரே பானிபூரித் தட்டில் சாப்பிடலாம். பெண்ணைக் காதலிக்கும் பெண்களுக்கு இந்த ஊர் தந்திருக்கும் பாதுகாப்பு இவ்வளவுதான்: அப்படிப்பட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்றே ஊருக்குத் தோன்றுவதில்லை. திருநங்கையரை ஊருக்குத் தெரியும். கேலி செய்யவாவது தெரியும். இவர்களுக்கு அதுவும் இல்லை. இவர்களையும் சேர்த்துக் குறிக்க, 2022-இல் தமிழக அரசிதழில் வந்த சொற்பட்டியலில் 'பால்புதுமையர்' (queer) என்ற சொல் இருக்கிறது. பூங்காக் காவலாளி காதுவரை அது இன்னும் வரவில்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். 18 வயது நிரம்பிய பெண்ணை எங்கே, யாரோடு, எந்த உடையில் பார்த்தாலும், அவள் கேட்காமல் அவள் வீட்டுக்குப் போன் போடாதீர்கள். மற்றதெல்லாம் அதற்கான விளக்கமும் சில சில்லறை வேலைகளும்.

'தோழிகள்' என்ற போர்வை எங்கெங்கே விலகுகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறோம். ஒன்று, முடி. கிராப் வெட்டி, பேன்ட் சட்டை போட்ட பெண்ணைத் தூரத்தில் பையன் என்று நினைத்துத்தான் காவலாளி எழுந்து வருகிறார். கிட்டே வந்து பெண் என்று தெரிந்ததும் திரும்பிப் போகவேண்டியவர், போவதில்லை. தன்னை ஏமாற்றியதுபோல் எடுத்துக்கொள்கிறார். "பொண்ணா பையனா, இன்னா நீ?" என்று ஆரம்பிக்கிறது. சிலர் திருநம்பிகளாகவும் (பெண்ணாகப் பிறந்தாலும் தம்மை ஆணாக உணர்பவர்கள்) இருப்பார்கள். அதைத் தீர்மானிப்பது காவலாளியின் வேலையில் சேராது. இரண்டாவது, நேரம். ஒரே பெஞ்சில் இரண்டு மணி நேரம் இருந்தால் "எவனுக்காக வெயிட் பண்றீங்க?" என்ற கேள்வி வரும். பிப்ரவரி 14 அன்று ஜோடி பிடிக்கக் கிளம்பும் கூட்டமும் இதையேதான் கேட்கும். அவர்கள் தேடும் ஜோடி எதிரிலேயே உட்கார்ந்திருக்கும். மூன்றாவது, அழுகை. காதலிப்பவர்கள் சண்டை போடுவார்கள், பெரும்பாலும் பொது இடத்தில்தான் போடுவார்கள், ஏனென்றால் தனி இடம் கிடையாது. ஒரு பெண் அழுதால் நாலு பேர் கூடுகிறார்கள்.

நான்காவதுதான் பெரியது: தெரிந்த முகம். பழைய வடஆற்காடு முழுக்க வேலூருக்குத்தான் வந்து போகிறது. ஆரணியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு, குடியாத்தத்திலிருந்து கல்லூரிக்கு, ஒடுகத்தூரிலிருந்து துணி எடுக்க. பழைய பேருந்து நிலையத்தில் அரை மணி நேரம் நின்றால் சித்தப்பா வகையில் ஒருவராவது கண்ணில் படுவார். "நீ இன்னார் பொண்ணுதான?" என்ற கேள்விக்கு இந்தப் பெண்கள் பயப்படுகிற அளவுக்குக் கத்திக்குக்கூடப் பயப்படுவதில்லை. பெருநகரத்தில் ஆபத்து முன்பின் தெரியாதவரால் வருகிறது என்றால், இங்கே தெரிந்தவரால் வருகிறது. அதனால்தான் காட்பாடியில் ரயில் ஏறி, இரண்டு மணி நேரம், ஏறக்குறைய 130 கிலோமீட்டர் போய், சென்னைக் கடற்கரையில் சும்மா உட்கார்ந்துவிட்டு மாலையே திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே 2009 முதல் வானவில் சுயமரியாதைப் பேரணி நடக்கிறது. இவர்கள் போவது பெரும்பாலும் பேரணிக்குக்கூட அல்ல, யாருக்கும் தெரியாமல் ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட.

இனி, போன் போட்டபின் நடப்பது. போடுகிறவர் நல்ல எண்ணத்தில்தான் போடுகிறார். "உங்க பொண்ணு இங்க ஒரு மாதிரி பொண்ணோட சுத்துது, பாத்துக்கோங்க" என்பதோடு அவர் கடமை முடிகிறது. அன்று இரவே செல்போன் பிடுங்கப்படும். பூட்டை எப்படித் திறப்பது என்று அடித்துக் கேட்பார்கள். படங்களும் செய்திகளும் அண்ணன் கைக்குப் போகும். இன்னொரு பெண்ணின் வீட்டு எண் அதிலிருந்தே கிடைக்கும். ஆக, ஒரு போனில் இரண்டு வீடு. அடுத்த நாள் கல்லூரி நிற்கும். சான்றிதழ்களும் ஆதாரும் பீரோவில் பூட்டப்படும். பிறகு கோயில், மந்திரிப்பு, தர்கா, ஜெபக்கூட்டம் என்று அந்தந்த வீட்டு வழக்கப்படி. சில வீடுகளில் 'மாற்றித் தருகிறேன்' என்கிற மருத்துவர். அப்படி மாற்ற முயல்வது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் அப்படிப்பட்டவர்களைத் தேடிப் போகிறார்கள். அதோடு ஜாதகம் வெளியே எடுக்கப்படும். இந்தப் பெண்கள் தற்கொலைக்கு மிக அருகில் போவது இந்த நாட்களில்தான். பூங்காவில் அவர்களைப் பார்த்தபோது அவர்களுக்கு எந்த ஆபத்தும் இருக்கவில்லை.

இதில் சாதியும் சேர்ந்துகொள்ளும். இரண்டு பெண்களில் ஒருத்தி தலித் என்றால், "அவதான் கெடுத்தா" என்ற பழி எந்த வீட்டு வாசலில் போய் நிற்கும் என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காவல்துறைக்குச் சிலவற்றை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அனைத்து மகளிர் காவல் நிலையங்களின் அன்றாட வேலையில் பெரும்பகுதி குடும்பத்தைச் சேர்த்துவைப்பது. மனு வாங்கி, இரு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்து, சமாதானம் பேசி அனுப்புவது. அந்தப் பழக்கத்தில், வீட்டை விட்டு வந்த பெண்ணைப் பார்த்ததும் கை தானாகப் போனை நோக்கிப் போகிறது. இந்த விஷயத்தில் அந்தப் பழக்கம்தான் ஆபத்து.

சட்டம் குழப்பமில்லாமல் இருக்கிறது. 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் சம்மதத்தோடு கொள்ளும் தன்பால் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், அந்த உறவைக் குற்றமாக்கிய பழைய 377-ஆம் பிரிவே கிடையாது. பெற்றோர் 'காணவில்லை' என்று புகார் கொடுத்து, தேடிப் பார்த்ததில் இருவரும் வயது வந்தவர்கள், விருப்பத்தோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொல்லை கொடுக்காமல் புகாரை முடிக்க வேண்டும். இது 2021 ஜூன் 7 அன்று சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இட்ட ஆணை. அதைத் தொடர்ந்து 2022-இல் தமிழ்நாடு சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்க்கப்பட்டது. பால்புதுமையரையோ அவர்கள் நலனுக்காக வேலை செய்பவர்களையோ எந்தக் காவலரும் துன்புறுத்தக் கூடாது என்பது அந்த விதி. சட்டப்படியான விசாரணைக்கு அது தடையில்லை. "வா ஸ்டேஷனுக்கு, அப்பாவைக் கூப்பிடு" என்பது சட்டப்படியான விசாரணை இல்லை.

இவையெல்லாம் சென்னை, டெல்லி சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு தீர்ப்பளித்த ஆட்கொணர்வு வழக்கின் (அடைத்துவைக்கப்பட்டவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் வழக்கு) பெயரிலேயே வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் இருக்கிறார். 25 வயதுப் பெண்ணை விருப்பத்துக்கு மாறாக வீட்டில் வைத்திருந்தார்கள். காவல்துறை அவரைப் பெற்றோரோடு போகச் சொல்லி வற்புறுத்தியதை நீதிமன்றம் கண்டித்தது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றும், தேர்ந்துகொண்ட குடும்பம் என்பது சட்டத்தில் நிலைபெற்ற கருத்து என்றும் எழுதியது. தேவைப்படும்போது அவருக்கும் அவர் துணைக்கும் பாதுகாப்பு தரச் சொன்னது. இந்தத் தீர்ப்பைத் தமிழில் நான்கு பக்கமாகச் சுருக்கி மாவட்டத்தின் எல்லாக் காவல் நிலையங்களுக்கும் அனுப்பினால் போதும், பயிற்சி வகுப்புக்குப் பந்தல் போட வேண்டாம்.

நிலையத்துக்கு வந்துவிட்டால் செய்யவேண்டிய வரிசை இது. முதலில் வயது. பிறந்த தேதியுள்ள ஓர் ஆவணம், அல்லது அதன் படம். 18 ஆகாதவர் என்றால் வழி வேறு: குழந்தைகள் உதவி எண் 1098, குழந்தைகள் நலக் குழு. அங்கேயும் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகப் பயப்படுகிறதா என்று முதலில் கேட்க வேண்டும். 18 ஆகிவிட்டது என்றால் தனி அறை, பெண் காவலர், கதவுக்கு வெளியே பெற்றோர். 'வெளியே' என்றால் வராண்டாவில், குரல் கேட்கும் தூரத்தில் அல்ல; அம்மா அழும் சத்தம் கேட்கிற இடத்தில் எந்த மகளும் சுயமாகப் பேசமாட்டாள். ஆட்கொணர்வு வழக்குகளில் சம்பந்தப்பட்டவரைத் தனியே பார்த்துப் பேசவேண்டும், அவர் மனதை மாற்றும் ஆலோசனைக்கு நீதிமன்றமே முயலக் கூடாது என்று 2024 மார்ச்சில் தேவு ஜி. நாயர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பொருளும் இதுதான். பிறகு இரண்டே கேள்வி: எங்கே போக விரும்புகிறாய், யாரால் உனக்குப் பயம். பதிலை அவள் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். நாங்கள் பார்த்தவரை இந்த இடத்தில்தான் அதிகம் பிசகுகிறது. 'தோழியின் தூண்டுதலால்' என்ற இரண்டு சொல்லை எழுத்தர் தானாகச் சேர்த்துவிடுவார், பிறகு அதுவே இன்னொருத்தி மேல் கடத்தல் புகாராக வளரும். கடைசியாக, அவளுடைய சான்றிதழ், உடை, மருந்து வீட்டில் மாட்டிக்கொண்டால் ஒரு காவலரோடு போய் எடுத்துவரச் செய்யுங்கள். இது இல்லாததால் மட்டுமே திரும்பிப் போனவர்கள் பலர்.

சாட்சி சொல்லவோ விசாரணைக்கோ ஒரு பெண்ணை அவள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 179-ஆம் பிரிவு. இந்தப் பெண்கள் விஷயத்தில் இந்தப் பிரிவே தலைகீழாகிறது. நல்ல எண்ணத்தில் விசாரணைக்காக வீட்டு வாசலில் ஜீப் நின்றால் கதை அங்கேயே முடிந்தது. எங்கே பேசலாம் என்று அவளையே கேளுங்கள். பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் அதற்குத்தான் இருக்கிறது.

புகார் கொடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 மார்ச்சில் கோட்டைக்கு வந்த ஒரு பெண்ணை ஹிஜாபைக் கழற்றச் சொல்லி மிரட்டி, படமெடுத்துப் பரப்பினார்கள். காவல்துறை விரைந்து ஏழு பேரைப் பிடித்தது. 2022 மார்ச்சில் இரவுக் காட்சி முடிந்து ஷேர் ஆட்டோ என்று நம்பி ஏறிய பெண் மருத்துவருக்கு நேர்ந்த கொடுமையில், 2025 ஜனவரியில் 20 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. இரண்டிலும் சட்டம் வேலை செய்தது. ஆனால் பூங்காவில் இரண்டு பெண்களைப் படமெடுத்து, "வூட்டுக்கு அனுப்பட்டுமா, இல்ல ரெண்டாயிரம் குடுக்கறியா" என்பவன் மேல் யாரும் புகார் கொடுக்கமாட்டார்கள். அவனுக்கும் அது தெரியும். பணம் கேட்டு மிரட்டுவது நியாய சன்ஹிதா 308, பின்தொடர்வது 78, இழிசொல், சைகை 79. பிரிவுகள் இருந்து பயனில்லை, முகவரி எழுதும் கட்டத்தில் பேனா நின்றுவிடுகிறது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று பிரிவு 72 காப்பாற்றுகிறது. மிரட்டலுக்கும் வழிப்பறிக்கும் அப்படி ஒன்றில்லை. எனவே கண்காணிப்பாளர் அவர்களே ஒரு வழி செய்ய முடியும்: தொடர்புக்கு அவள் தரும் செல்போன் எண்ணை மட்டும் பயன்படுத்த வேண்டும், வீட்டுக்குக் கடிதமோ காவலரோ போகக் கூடாது, கூட இருந்தது யார் என்ற கேள்வியைக் குற்றத்துக்குத் தேவையில்லாதபோது கேட்கவே கூடாது என்று ஒரு சுற்றறிக்கை. பெண்கள் உதவி எண் 181-இல் அழைப்பை எடுத்துப் பேசுகிறவர்களுக்கும் இதே.

மாநகராட்சிக்கு வருகிறோம். காதலர்களை விரட்டுவதற்காகப் புதர்களை வெட்டி, பெஞ்சுகளை எடுத்துவிடுவது நம் பூங்காக்களில் வழக்கமான வைத்தியம். உட்கார இடமில்லாவிட்டால் பெண்கள் மூலையைத் தேடிப் போவார்கள், மூலையில்தான் மிரட்டுகிறவன் இருக்கிறான். பெஞ்ச் வேண்டும், பாதையைப் பார்த்தபடி, பாதையிலிருந்து பத்தடிக்குள், இரண்டு பக்கமும் எழுந்து போக வழியோடு. சுவரைப் பார்த்த பெஞ்ச் ஆகாது, பின்னால் வருகிறவனைப் பார்க்க முடியாது. விளக்கு முகத்தில் அடிக்காமல் தரையில் விழவேண்டும். கண்ணைக் கூசவைக்கும் ஒரு பெரிய கம்ப விளக்கைவிட இடுப்பளவில் பத்துச் சின்ன விளக்கு மேல்: வருகிறவன் தெரிவான், இருப்பவர்கள் காட்சிப் பொருளாகமாட்டார்கள். பூட்டும் நேரத்தை ஒலிபெருக்கியில் பதினைந்து நிமிடம் முன்னால் சொல்லுங்கள், தடியால் பெஞ்சைத் தட்டிச் சொல்ல வேண்டாம்.

கழிப்பறை. கிராப் வெட்டிய பெண் லேடீஸ் பக்கம் போனால் உள்ளே இருப்பவர்கள் கத்துகிறார்கள். ஆண்கள் பக்கம் போக முடியாது. ஆகவே காலையில் வீட்டில் கிளம்பும்போதிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். வேலூர் மே மாதத்தில் இது விளையாட்டில்லை: சிறுநீர்த் தொற்று, தலைசுற்றல். தீர்வு மலிவு. இருக்கும் கட்டடத்தின் ஒரு முனையில் தனிக்கதவு போட்ட ஒற்றை அறை ஒன்று. உள்ளே தாழ்ப்பாள், பை மாட்டக் கொக்கி, விளக்கு, நாப்கின் போடக் கூடை. கதவில் ஆண், பெண் படம் வேண்டாம், 'கழிப்பறை' என்றால் போதும். கைக்குழந்தையோடு வரும் அப்பாவுக்கும், மனைவியைச் சக்கர நாற்காலியில் தள்ளிவரும் கணவருக்கும் அதுதான் உதவும்.

திரையரங்கு நடத்துவோருக்கு: சோதனை வரிசையில் ஆளைப் பார்த்து "தம்பி, அந்தப் பக்கம்" என்று முடிவுசெய்யாமல் "எந்த வரிசைக்கு வர்றீங்க?" என்று கேட்கச் சொல்லுங்கள். டிக்கெட்டுக்குக் காசை மறுக்காதீர்கள். யு.பி.ஐ.யில் கட்டினால் வங்கிக் குறுஞ்செய்தி அப்பா எண்ணுக்குப் போகிற கணக்குகள் இந்த மாவட்டத்தில் நிறைய. இருட்டிலும் பார்க்கும் கேமரா அரங்குக்குள் இருந்தால், அதன் திரை மேலாளர் அறையில், கதவுப் பக்கம் முதுகு காட்டி இருக்கட்டும். பாப்கார்ன் கவுண்டரில் நின்றால் தெரிகிற இடத்தில் வேண்டாம். பதிவை 30 நாளில் அழியுங்கள், யார் எப்போது பார்த்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், அந்த அறைக்குள் செல்போனைத் தடைசெய்யுங்கள். பதிவுகள் பெரும்பாலும் ஹேக் ஆகி வெளியே போவதில்லை. ஊழியர் ஒருவர் திரையைத் தன் செல்போனில் படமெடுத்து நண்பர்கள் குழுவில் போடுகிறார், அவ்வளவுதான்.

உடற்பயிற்சிக் கூடங்களில் விண்ணப்பத்தில் 'தந்தை/கணவர் எண்' என்ற கட்டம் எதற்கு? பெண் இரண்டு நாள் வராவிட்டால் குறுஞ்செய்தி அங்கே போகிறது. 'அவசரத்துக்கு யாரை அழைக்கலாம்' என்று மாற்றுங்கள், அவளே நிரப்பட்டும். விடுதிகளிலும் அதேதான். 'உள்ளூர் ஆதாருக்கு ரூம் இல்லை' என்பதற்குச் சட்டம் எதுவும் இல்லை. திருமணமாகாத இருவர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டமே இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது. நகல் வாங்கினால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இந்தப் பெண்கள் தங்களைக் காத்துக்கொள்ளச் செய்யும் ஏற்பாடுகளை இதற்கு மேல் இங்கே எழுதப்போவதில்லை. இந்த மடலை வீட்டாரும் படிப்பார்கள்.

எல்லாம் இருட்டாகவும் இல்லை. சத்துவாச்சாரியிலிருந்து பளு தூக்கிக் காமன்வெல்த் தங்கம் கொண்டுவந்த ஊர் இது. மைதானத்தில் டிராக் பேன்ட்டும் குட்டை முடியுமாக நிற்கும் பெண்ணை இங்கே யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பயிற்சி முடிந்தபின்னும் ஒரு மணி நேரம் மைதானத்தின் படிக்கட்டைப் பூட்டாமல் விட்டாலே அது மாவட்டத்தின் மிகப் பாதுகாப்பான பெண்கள் பூங்கா. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்துக்குக் கூடும் கூட்டத்தைப் பாருங்கள். பெண் பிள்ளைகள் விடிய விடியத் தெருவில் நிற்பார்கள், யாரும் யாருக்கும் போன் போடுவதில்லை. கூட்டமும் வெளிச்சமும் நடமாட்டமும் இருந்தால் கண்காணிப்பு தேவைப்படுவதில்லை என்பது நம் ஊருக்கு முன்பே தெரிந்த விஷயம். 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் இரவு ஒன்பதுக்கு மேல் பஸ் குறைந்துவிடுகிறது. காட்பாடி, பாகாயம் தடங்களில் இரண்டாம் காட்சி முடியும் நேரத்துக்கு இரண்டு நடை கூடுதலாக விட்டால், 2022-இல் நடந்ததுபோல் அடையாளம் தெரியாத ஆட்டோவில் யாரும் ஏறவேண்டியதில்லை. ஆணுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

பூங்கா வாசலில் இப்போதுள்ள 'அநாகரிகமாக நடந்துகொள்வோர் காவல்துறையில் ஒப்படைக்கப்படுவர்' பலகைக்குப் பதிலாகக் கீழ்க்கண்ட வாசகத்தை எழுதித் தந்திருக்கிறோம். மூன்றுக்கு இரண்டு அடித் தகரப் பலகை, மஞ்சளில் கறுப்பு எழுத்து, தமிழிலும் உருதுவிலும்:

"இங்கே யாரையும் அனுமதியின்றிப் படமெடுக்கக் கூடாது. யார், என்ன உறவு, எந்த ஊர் என்று கேட்கும் அதிகாரம் பூங்கா ஊழியருக்கோ பார்வையாளருக்கோ இல்லை. யாரேனும் மிரட்டினால்: 112. பெண்கள் உதவிக்கு: 181. இலவசச் சட்ட உதவிக்கு: 15100. புகார் கொடுத்தவர் வீட்டுக்குத் தகவல் தரப்படமாட்டாது."

கடைசி வரியை நீங்கள் உறுதிசெய்த பிறகுதான் எழுத முடியும். அதற்கான சுற்றறிக்கை வந்தால், தகரத்துக்கும் பெயின்டுக்குமான செலவை நாங்கள் ஏற்கிறோம்.

இப்படிக்கு,
வேலூர் மாவட்டத்தில் இளம் பெண்களோடு வேலை செய்யும் சிலர்